முதல் பட்டை

மில்லர்புரம் தெருமுனையில் காலை வெயில் பதநீர்ப் பானையின் விளிம்பில் மின்னுகிறது. பகவதியின் பேச்சை நம்பித்தான் தெருவே செம்பும் தூக்குமாக நிற்கிறது. "எந்தம்பி பனையேறி எறக்குனது, கலப்படமே கெடையாது" என்று வீடுவீடாகச் சொல்லி வைத்தவள் அவள். தம்பி அய்யாக்குட்டி பனையோலைப் பட்டையில் ஊற்றி முதலில் அவளிடமே நீட்டுகிறான். அவன் அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. ஒரு மடக்கு குடிக்கிறாள். பனங்காட்டில் பிறந்து வளர்ந்த நாக்கு அது. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் தடவும் சுண்ணாம்பின் வாடையே இல்லை. தண்ணீரில் கரைத்த சாக்கரின் என்ற போலி இனிப்பு தொண்டைக்குழியில் கசந்து நிற்கிறது. புதுத் துறைமுகத்தில் கப்பலின் சங்கு ஊதி ஓய்கிறது. "பிள்ளைக்குக் குடுக்கலாம்லா மதினி?" என்று பக்கத்து வீட்டு முத்துக்கனி கேட்கிறாள். பகவதி வாயைத் திறக்குமுன், "அதான் எங்கக்காவே குடிச்சிட்டாள்லா" என்றபடி அய்யாக்குட்டி முத்துக்கனியின் செம்பில் பானையைச் சரிக்கிறான்.