பிசாசைக் காணோம்

காவல் நிலையத்து மிக்கேல் அதிதூதர் சிலையின் காலடியில் கிடந்த மரப் பிசாசைக் காணவில்லை.

போலீஸ்காரர்களின் பாதுகாவலர் அவர். மறுநாள் காலை திருநாள் பவனி. மிதிக்கப் பிசாசு இல்லாததால், ஓங்கிய வாளும் அந்தரத்தில் ஒரு காலுமாக, ஓடும் ஜீப்னி வண்டியில் தொற்றப் போகிறவர் மாதிரி நின்றார்.

"போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளயே திருட்டு! பவனிக்கு மாகாணப் போலீஸ் தலைவர் வர்றார்யா. இந்தக் கோலத்தைப் பார்த்தார்னா, என்னை ஏதாவது ஆளில்லாத தீவுக்குத் தூக்கியடிச்சிடுவார்" என்று தலையில் கை வைத்துக்கொண்டார் இன்ஸ்பெக்டர் பலூயோட்.

"வெள்ளி வாளை விட்டுட்டுப் பிசாசை எவன் சார் திருடுவான்?" என்றார் ஏட்டு லகாஸ்கா.

திருடன் என்று சொல்லிக்கொள்ள அந்த ஊரில் இருந்தது ஜேப்படி டிக்யோ ஒருவன்தான். போன வாரம்கூட, "சப்பரம் தூக்க நானும் தோள் குடுக்கறேன் ஐயா" என்று வந்து நின்றான். "நீ தோளா குடுப்ப? பர்ஸை எடுப்ப!" என்று விரட்டி விட்டிருந்தார்கள்.

இப்போது இழுத்து வந்தார்கள்.

"பிசாசு எங்கடா?"

"அதை வச்சு நான் என்னய்யா பண்ணுவேன்? எங்க வீட்ல ரெண்டு பேர் படுக்கவே இடமில்ல."

லகாஸ்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டிய கன்னம். பிதுங்கிய கண். காதுகூடக் கொஞ்சம் கூர்தான்.

"சார், பேசாம இவனையே படுக்க வச்சுட்டா?"

"தூதர் பாதத்துல ஒற்றி எடுக்க ஊரே கிட்ட வந்து கைக்குட்டை நீட்டும்யா. பூனையை மீன்கூடைக்குள்ளயே படுக்க வைக்கச் சொல்றீங்களா?"

ஆனாலும் வேறு வழியில்லை. கரி பூசி, கொம்புக்கு இரண்டு வாழைக்காய் கட்டி, ஒரு கையைச் சப்பரத்தோடு விலங்கிட்டார்கள்.

பவனி கிளம்பியது. அதிதூதரின் கால் டிக்யோவின் வயிற்றில். பிள்ளைகள் பழத்தோல் வீசினார்கள். பெண்கள் முண்டியடித்துக் கைக்குட்டைகளை நீட்ட, அவன் மிச்சமிருந்த கையால் ஒவ்வொன்றையும் வாங்கி, தூதரின் பாதத்தில் ஒற்றி, உரியவரிடமே திருப்பித் தந்தான். கண் மூடியிருந்தது. உதடு மட்டும் முணுமுணுத்தது.

"ஜெபம் பண்றான் சார்."

"ஜெபமாவது! யார் பாக்கெட் கனமா இருக்குன்னு மனப்பாடம் பண்றான்."

மாகாணத் தலைவர் அசந்து போனார். "பிரமாதம் பலூயோட்! மூச்சு விடுற மாதிரியே இருக்கு. யார் செஞ்சது?"

"உள்ளூர்ச் சரக்குதான் சார்."

பவனி முடிந்ததும், அவரவர் பையைச் சரிபார்க்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். யாருக்கும் எதுவும் போகவில்லை. நம்ப முடியாமல் இன்ஸ்பெக்டர் தன் பர்ஸை இரண்டு தடவை தடவிப் பார்த்தார். பிறகு மனசு கேட்காமல், ஒரு பொட்டலம் நூடுல்ஸைக் கையில் கொடுத்து டிக்யோவை அனுப்பி வைத்தார்.

வீட்டில் மனைவி லுமெங் அவன் முதுகுக் கரியைத் தேய்த்தபடி கேட்டாள்:

"பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கினா, பவனியில மிக்கேல் சம்மனசு காலைத் தாங்குறேன்னு நேர்ந்துக்கிட்டீங்களே... தீர்ந்துதா?"

"தீர்ந்துது. யாரும் இடம் தரல, நானே ஒரு இடம் பண்ணிக்கிட்டேன். இனிமேதான் கஷ்டம்."

"என்ன கஷ்டம்?"

"எடுக்கத்தான் தெரியும் லுமெங், எடுத்ததைத் திருப்பி வச்சுப் பழக்கமே இல்லையே!" என்று முனகியபடி, கட்டிலுக்கு அடியிலிருந்து மரப் பிசாசை வெளியே இழுத்தான் டிக்யோ.