உள்ளேன் ஐயா

இந்த ஆண்டு பள்ளிக்குப் புதுப் பெயர் வந்தது. நிர்வாகம் முன்னாள் மாணவர் சங்கத்தின் கைக்குப் போனது. வேலைக்குப் போகும் பெண்கள் படிக்கும் மாலை வகுப்பை மூடுவதா என்று இன்று வாக்கெடுப்பு. சங்க வழக்கப்படி செயலர் தெய்வநாயகம் பழைய வருகைப் பதிவேட்டை வாசித்தார். "உள்ளேன் ஐயா" என்றவர்களுக்குத்தான் வாக்கு. மாலை வகுப்புக்கு யாரும் பதிவேடு வைத்ததில்லை. அதனால் அதில் படித்த எங்கள் பெயர்கள் வரவேயில்லை.

"பின்னால நிக்கிறவங்க வெளிய போய் டீ குடிங்கம்மா," என்றார்.

நான் என் நாட்குறிப்பைத் திறந்தேன். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் வந்தவர்களின் பெயர்களை அதில் எழுதியிருக்கிறேன். யாரையாவது விட்டிருப்பேனோ என்ற பயத்தோடு வாசிக்கத் தொடங்கினேன்.

"அமலோற்பவம்."

"உள்ளேன் ஐயா," என்றார் மீன் விற்றுவிட்டு நேராக வந்திருந்தவர்.

"ஏம்மா, டைரியெல்லாம் பதிவேடாகுமா? செல்லாது, உக்காரு!" என்றார் செயலர்.

"காசிம் பீவி."

"உள்ளேன் ஐயா. செல்லாதாம்ல? சத்தமாப் படி புள்ள."

"பவுனம்மாள்."

பதில் இல்லை. முன்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. தவறாக எழுதிவிட்டேனோ? தேதியைச் சரிபார்த்து மறுபடி வாசித்தேன்.

செயலருக்கு நீட்டியிருந்த டீயைப் பின்னுக்கு இழுத்துத் தட்டில் வைத்துவிட்டு, சங்கச் சமையற்காரி நிமிர்ந்தார்.

"உள்ளேன் ஐயா."