மாடி தாங்காது

இன்ஜினியர் சுவரில் காதை வைத்து, நோயாளியின் நெஞ்சைக் கேட்கும் டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"ஊஹூம். மேல ஒரு மாடி எழுப்பினா இது தாங்காது."

மருமகள் அப்படியே நாற்காலியில் சரிந்தாள். மாமனார் விட்ட பெருமூச்சில் ஜன்னல் திரை எழுந்து நின்று மரியாதை செய்தது.

விஷயம் இதுதான். வீட்டில் பெரியவர்கள் இருவர், மகன், மருமகள், இடியும் மின்னலுமாக மூன்று வாண்டுகள். குளியலறையோ ஒன்றே ஒன்று. காலையில் அதன் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்து, ஏதோ இலவசமாகத் தருகிறார்கள் என்று தெருவில் போகிறவர்கள் வந்து சேர்ந்துகொண்டதுகூட உண்டு.

ஊருக்குள் வேறு வீடு பார்க்கலாமென்றால், காலியாக இருந்த ஒரே இடம் மாமனாரின் தலைதான். ஊர் எல்லையில், காக்காய்கூடக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிற தூரத்தில், புதிதாக அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வீட்டைப் பிடித்துக்கொண்டு போவதா, இங்கேயே மாடி கட்டி எல்லோரும் ஒன்றாக இருப்பதா? இன்றைக்குள் சொல்லாவிட்டால் அந்த வீடும் கைமாறிவிடும்.

"அப்பா அம்மாவைத் தனியா விட்டுட்டுப் போறதா? நடக்காது!" மகன் ஒற்றைக் காலில் நின்றான். "அங்கிள், இன்னொரு தடவை நல்லாப் பாருங்க. ஒரே ஒரு மாடிதானே?"

"தம்பி, மேல நீங்க துணி காயப் போடறதே தப்பு. ஈரத்துணி வேற கனம்."

"சரி, பின்னாடி தோட்டம் காலியாத்தானே கிடக்கு? அங்க ரெண்டு ரூம் போட்டா?"

மாமனாருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. இன்ஜினியரோ தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அது இதைவிட மோசம்! வெறும் களிமண்ணு. இன்னிக்குக் கட்டினா, அடுத்த மழைக்கு ரூம் பக்கத்து வீட்டுல போய் நிக்கும்."

மகனின் முகம் தொங்கிவிட்டது.

"விடுங்க," என்று மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாம குடுத்து வெச்சது அவ்வளவுதான். அந்தப் புது வீட்டுக்கே சரின்னு போன் பண்ணிடுங்க."

சமையலறையில் மாமியார் பாத்திரத்தை 'டமால்' என்று கீழே போட்டாள். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது.

வழியனுப்ப கேட் வரை வந்த மாமனார், சுற்றுமுற்றும் பார்த்தார். இன்ஜினியரை இடுப்பில் தூக்கி வைத்துக் கொஞ்சாத குறைதான்.

"சிநேகிதன்னா நீதான்டா! யானைக் கூட்டம் ஏறி ஆடினாலும் அசையாத கட்டடத்தை, ஈரத்துணிக்கே தாங்காதுன்னுட்டியே! உள்ள என் வீட்டுக்காரி சிரிப்பை அடக்க முடியாம பாத்திரத்தை நழுவ விட்டுட்டா."

"பிள்ளைங்களை அனுப்பறதுல உனக்கு அவ்வளவு சந்தோஷமா?"

"வாரா வாரம் போய்க் கொஞ்சிட்டு வந்துடுவோம்ல? அவளும் நானும் சூடா ஒரு டீ குடிச்சு எத்தனை காலமாச்சு தெரியுமா? ஆனா ஒண்ணு, மருமகளுக்கு மட்டும் தெரியவே கூடாது. தங்கமான பொண்ணுடா. எங்களைப் பிரியணுமேன்னு எப்படி அழுதா பாத்தியா? தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடும்."

இன்ஜினியர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தார்.

"அது சரி, நான் மாடிக்கு மட்டும்தானே பொய் சொல்லச் சொன்னேன்? தோட்டம் எனக்கே தோணலை. நீ எப்படிடா டக்குனு அடிச்சு விட்ட?"

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே இன்ஜினியர் சொன்னார்:

"அது உன் மருமக சொல்லச் சொன்ன பொய்!"