ஒரு நிமிடம் முன்னால் போனவன்

"இன்னும் குனி. முழங்கையை ஒட்டி வை."

எம்ரிஸ் தன் மனைவி மென்னாவின் சைக்கிளை நாளைய பந்தயத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தான். சீட்டை முன்னால் தள்ளி, ஹேண்டில்பாரைத் தாழ்த்தி, அதன்மேல் முன்கைகளைச் சாய்த்துக்கொள்ள இரண்டு தாங்கிகளையும் பூட்டினான்.

"தாங்கி புதுசா வாங்கினியா?"

"ஒருத்தன் வேணாம்னு கழட்டிட்டான்."

"எத்தனை மாட்டினாலும் என்ன? நிமிஷத்துக்கு ஒருத்தரா அனுப்புறாங்க. பின்னாடி வர்றவங்க எல்லாம் என்னை முந்திடுறாங்க. நான் இதுவரைக்கும் ஒருத்தரையும் முந்தினதில்ல."

"நாளைக்கு உனக்கு முன்னாடி கிளம்புறவன் தொப்பைக்காரன். பந்தயத்துக்கு வர்றதே காத்து வாங்கத்தான். அவனை விட்றாதே!"

"பாவம், அவனை ஏன் திட்டுற?" என்று சிரித்தாள்.

மறுநாள் கார்டிகன் சாலையில் கடல்பனி இறங்கியிருந்தது. மென்னா தாங்கிகளில் சாய்ந்ததும் காற்றின் இரைச்சல் அடங்கியது. சாலை தானாகவே அடியில் நழுவியது. தூக்கத்தில் பறப்பதுபோல் இருந்தது.

பனிக்குள் ஒரு முதுகு தெரிந்தது. காற்றையெல்லாம் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தான் அவன். பக்கத்தில் வந்ததும் அவனுடைய ஹேண்டில்பாரைப் பார்த்தாள். போன வாரம்வரை அதில் இருந்த தாங்கிகளைக் காணோம்.

"என்னடி பார்க்கிற? போ!" என்று கத்தினான் எம்ரிஸ். "முழங்கையை ஒட்டி வை!"