டென்னசிக்கு ஒரே ஆள்

"டென்னசிக்கு எங்களோட வரப்போறது ராய்ஸ்" என்று புது முதலாளிகள் அனுப்பியிருந்த அம்மாள் காகிதத்தைப் பார்த்துப் படித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ஆர்லனும் தட்டினார்.

மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டிவிட்டார்.

துப்பாக்கிக் கம்பெனி கைமாறி நாற்பது நாள் ஆகிறது. வாங்கியவர்கள் டென்னசிக்காரர்கள். இயந்திரங்கள் எல்லாம் லாரி ஏறி அங்கே போகின்றன. மோன்டானாவில் இருக்கும் இந்தப் பட்டறைக்குத் திங்கட்கிழமையிலிருந்து பூட்டு. பழைய ஆட்கள் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் புது இடத்தில் வேலை. துப்பாக்கியின் மரக்கட்டையில் இரும்பைப் பொருத்தத் தெரிந்த ஒருவருக்கு.

அதை மட்டும் இயந்திரம் செய்யாது. இரும்பில் விளக்குக்கரி பூசி, வால்நட் கட்டையில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி கரி, மறுபடி உளி. மூன்று நாள் இப்படியே போனால், இரும்பைச் சுற்றி மரம் தானாக வளர்ந்ததுபோல் ஆகிவிடும்.

ஆர்லன் இருபத்தாறு வருடமாக அதைச் செய்கிறார். பக்கத்து மேசையில் ராய்ஸ் ஒன்பது வருடமாக.

ராய்ஸ் பொருத்திய துப்பாக்கியில், மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதம் நுழையும். ஆர்லனுடையதில் நுழையாது. ராய்ஸ் சாப்பிடப் போன நேரங்களில் அவர் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரு தடவை அல்ல.

புது முதலாளிகள் வாங்கி வைத்திருந்த டோனட்டைக் கடித்துக்கொண்டே ராய்ஸ் வந்தான். மீசையெல்லாம் சர்க்கரை.

"என்னால நம்பவே முடியலடா ஆர்லன். நீ இருக்கும்போது என்னைப் போய்க் கூப்பிட்டிருக்கானுங்க. கார்லீனுக்கு இப்பதான் போன் பண்ணேன். ஏரிக்கரையில வீடு பாக்கணும்னு அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டா."

"நல்ல விஷயம்" என்றார் ஆர்லன். மீசையில் சர்க்கரை இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.

கட்டையைப் பொருத்துகிறவர் குழலுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தன் பெயரின் முதல் எழுத்துகளைப் பென்சிலால் எழுதி வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். இனி அலாஸ்காவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போகிற ஒவ்வொரு துப்பாக்கிக்குள்ளும் ராய்ஸின் எழுத்துதான் போகும். அதை நினைத்ததும் காபியைப் பாதியிலேயே மேசையில் வைத்துவிட்டார்.

குழல் கடையும் ஹாலிஸ் அவர் தோளில் இடித்தான்.

"காகிதம் நுழையற கையைக் கூட்டிட்டுப் போறாங்க. உன்னை விட்டுட்டு. அநியாயம்பா இது."

காகித விஷயம் ஹாலிஸுக்கும் தெரிந்திருக்கிறது. ஆர்லன் தோளைக் குலுக்கினார். அந்த 'அநியாயம்' என்ற சொல் அவருக்குள் இதமாக இறங்கியது. இன்னொருவரும் வந்து அதையே சொல்ல மாட்டாரா என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

ஆர்லன் வண்டியில் ஏறப் போகும்போது அந்த அம்மாள் பின்னாலேயே வந்தாள். காற்றில் பறக்காமல் காகிதத்தை மார்போடு பிடித்திருந்தாள்.

"கடைசியா ஒரு தடவை கேட்டுடறேன் சார். அந்த இடம் முதல்ல உங்களுக்குத்தான் வந்தது. ராய்ஸ் இன்னும் கையெழுத்துப் போடல. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ராய்ஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு வார்த்தை. ஏரியும் போய்விடும், ஏரிக்கரை வீடும் போய்விடும். 'சரி' என்பது நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் ராய்ஸின் முகம் எப்படி மாறும் என்பதைக்கூட அவர் ஒருமுறை பார்த்து முடித்துவிட்டார்.

"முடியாதும்மா" என்றார்.

"ஏன்னு இப்பவாவது சொல்லலாமே?"

"என்னைக் கேட்டீங்கன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம். வேற யாருக்கும் வேண்டாம்."

வீட்டுக்கு ஏழு மைல். அந்த ஏழு மைலும் அவர் மனதுக்குள் ராய்ஸோடுதான் பயணம் செய்தார். ராய்ஸுக்கு ஜன்னலோரம் மேசை. ராய்ஸுக்குப் புது உளிகள். டென்னசியில் காற்றில் ஈரம் அதிகம், ராய்ஸ் பொருத்துகிற கட்டையெல்லாம் உப்பிப் பிளந்துகொள்ளும் என்று நினைத்துப் பார்த்தார். பாலம் தாண்டும் வரைக்கும் அது ஆறுதலாக இருந்தது.

கதவைத் திறந்ததும் அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. வெர்னா வந்தாள். அடுப்பிலிருந்து வாசலுக்கு ஒன்பது எட்டு வைக்க வேண்டும். சுவரைத் தொடவில்லை, நாற்காலியில் இடித்துக்கொள்ளவில்லை. நேராக வந்து கணவனின் தோளில் சரியாகக் கையை வைத்தாள்.

அவளுக்குப் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. இந்த வீட்டில் மட்டும்தான் அவள் இப்படி நடப்பாள். மகள் வீட்டுக்குப் போனால், யாராவது கை கொடுக்கும் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டாள்.

"சொல்லிட்டாங்களா? யாரைக் கூப்பிட்டாங்க?"

"ராய்ஸை."

"உன்னைக் கேக்கவே இல்லையா?"

"இல்ல."

அவருடைய கோட்டைக் கழற்றி வாங்கி, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில், தடவித் தேடாமல், ஒரே தடவையில் மாட்டினாள்.

"அவனுங்களுக்குக் கண்ணு தெரியல" என்றாள்.