பென்சில் கோடு

“போன வருஷமும் இதே புள்ளி இருந்துச்சே டாக்டர். அப்ப பயமில்லைன்னீங்க. இப்ப மட்டும் எதுக்கு ஊசி குத்தி சதை எடுக்கணும்?”

டாக்டரம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. வெளியே இன்னும் கூட்டம். சொன்ன தேதிக்கு வராதவர்கள்தான் கேள்வி கேட்பதில் மட்டும் குறைவைப்பதில்லை.

திரையில் இரண்டு மேமோகிராம் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

“இது போன வருஷம். சின்னப் புள்ளி, ஓரமெல்லாம் வழவழன்னு இருக்கு. இது இன்னிக்கு எடுத்தது. பெருசாகி, ஓரம் பிசிறடிச்சிருக்கு பாருங்க. புள்ளி இருந்ததுக்காக இல்லம்மா, அது மாறியிருக்கே, அதுக்காகத்தான் பயாப்ஸி. ஒண்ணுமில்லாமலும் போகலாம். ஆனா பாக்காம விட முடியாது.”

அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆறு மாசத்துல திரும்ப வரச் சொன்னேனே, ஏன் வரலை?”



“இவ எப்பவுமே இப்படித்தான் டாக்டர்” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர். கட்டட காண்ட்ராக்டர். “உடம்பு விஷயத்துல சுத்த அலட்சியம். நான் ஒருத்தன் எத்தனையைத்தான் கவனிக்கிறது?”

அதற்குள் அவருடைய செல்போன் அலறியது. பேசிக்கொண்டே வெளியே போனார். கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார். அந்தக் குரலுக்குக் கதவெல்லாம் எம்மாத்திரம்!

“சார், போன வருஷமும் அதே விரிசல் இருந்துச்சு, யாரு இல்லேன்னா? அப்ப தலைமுடி கனம்தான். விரிசல் முடியற இடத்துல பென்சிலால கோடு போட்டுட்டுப் போனேன். ஆறு மாசம் கழிச்சு, நீங்க கூப்பிடாமலே நானா வந்து பாத்தேனா இல்லையா? கோட்டைத் தாண்டிப் போயிருந்துச்சே! அதான் உடைச்சுப் பாக்கணும்னு அன்னிலேர்ந்து தலைபாடா அடிச்சுக்கறேன். உள்ள ஒண்ணுமில்லேன்னா பூசிட்டுப் போறேன். உங்க சுவரு மேல உங்களுக்கில்லாத அக்கறை எனக்கிருக்கு சார்!”

டாக்டரம்மாவுக்கு இருந்த எரிச்சலெல்லாம் பறந்துவிட்டது. சிரித்தே விட்டார்.

“கேட்டீங்களா? நான் மூச்சுப் பிடிச்சுச் சொன்னதை உங்க வீட்டுக்காரர் எவ்வளவு சுலபமா சொல்லிட்டார்! இப்படி ஒரு மனுஷனைக் கூடவே வச்சுக்கிட்டு, இவ்வளவு அசட்டையா இருந்துட்டீங்களேம்மா. அவரைப் பாத்துக் கத்துக்கக் கூடாதா?”

அந்தம்மா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரல் கசந்து வந்தது.

“இங்க கூட்டிட்டு வரச்சொல்லி எத்தனையோ தடவை கேட்டேன் டாக்டர். சரியா ஆறாவது மாசம், அவர் வண்டியில ஏறியே உக்காந்துட்டேன். ‘உன் புள்ளி எங்க ஓடிடப் போகுது? நான் அந்தச் சுவரைப் போய்ப் பாக்கணும், இறங்கு’ன்னுட்டாரு.”