ரோசலீ எழுந்திருக்கவில்லை

கிட்ட வாங்க கண்ணுகளா, ஒரு கோபக்காரியின் கதை சொல்கிறேன். கனடாவின் பனிச் சமவெளியில், பிரெஞ்சுக்காரரும் கிரீ பழங்குடியினரும் கலந்து உருவான மெத்தீஸ் மக்களின் வீடு ஒன்று. அவர்கள் பேசுவது மிச்சிஃப். அதில் வீடு, குதிரை, ரொட்டி என்று பெயர்களெல்லாம், முன்னால் ஒட்டிவரும் சிறு சொல்லோடு, பிரெஞ்சு. நடப்பது, உண்பது, வாழ்வது என்று வினைகளெல்லாம் கிரீ மொழி. அங்கே புத்தாண்டுக் காலையில் பிள்ளைகள் மண்டியிட, தகப்பன் தலைமேல் கைவைத்து ஆசி சொல்வார். கிழவர் நோர்பேர், கர்ப்பிணி மகள் ரோசலீயின் தலையில் கைவைத்து ஆரம்பித்தார். நகரத்து நண்பர்களோடு வந்திருந்த மகன் அல்சித் குறுக்கிட்டான்.

"அப்பா, இந்தக் கலப்படம் வேண்டாம். சுத்தமான பிரெஞ்சுல சொல்லுங்க. இவங்க சிரிக்கிறாங்க."

நோர்பேர் கையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, அம்மா உன்னைத் தாலாட்டினது இதே கலப்படத்துலதான். அப்ப கூசலையா? வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்கினியே!" என்று ரோசலீ கத்தினாள்.

"எழுந்திரு. சாப்பாடு ஆறுது" என்றான் அல்சித்.

"ஆறட்டும். என் வயித்துல இருக்கிறதுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். ஆசி வாங்காம இந்த இடத்தை விட்டு அசைய மாட்டேன்!"

தகப்பனின் கையைப் பிடித்திழுத்துத் தன் தலையில் வைத்தாள். அவர் முதலிலிருந்து, முன்னைவிட உரக்கச் சொன்னார், வீட்டுப் பேச்சிலேயே. யாரும் சிரிக்கவில்லை. அவருடைய மறு கை, அவளுக்குப் பக்கத்தில் மகன் மண்டியிட வேண்டிய இடத்துக்கு மேலே, வெறும் காற்றில் நின்றது.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் பிள்ளைகள் வாய்ப்பேச்சைக் கேட்டு யாரும் நகைக்காதிருக்கட்டும்.